ஆறரை ஏக்கர் கொறங்காடும் 210 தென்னம்புள்ளையும்

எங்கூட்ல பாகம் பிரிச்சது 2013 தை மாசமுங்க. அப்பாரு, அதாவது எங்கப்பாவோட அப்பா, செத்து ரெண்டு வருசம் கழிச்சு. மொத்தம் எட்டு ஏக்கர், அதுல ஒன்றரை ஏக்கர் கெணத்துத் தோட்டம், மீதி ஆறரை ஏக்கர் கொறங்காடு. சித்தப்பா தோட்டத்த எடுத்துக்கிட்டாரு, கொறங்காடு எங்கப்பாவுக்கு. ஏக்கர் கணக்குல பாத்தா எங்களுக்குத்தான் ஜாஸ்தி, ஆனா வந்த ஒறம்பரையெல்லாம் எங்கம்மாகிட்ட "ஏந்தாயி, தண்ணி இருக்கற பூமிய உட்டுப்போட்டு ஆடு மேயற காட்ட வாங்கிட்டீங்களா"ன்னு துக்கம் விசாரிக்கற மாதிரியே கேட்டுட்டுப் போனாங்க. நான் அப்ப திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். அந்தப் பேச்சு எனக்குள்ள நல்லா ஏறிடுச்சு. நாம ஏமாந்துட்டோம், இந்தப் பூமியத் தோட்டமா ஆக்கிக் காட்டோணும்னு ஒரு வெறி. அந்த வெறிக்கு என்ன வெல குடுத்தேன்கறதுதான் இது. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் காடு வெச்சிருக்கறவங்களோ, அங்க இடம் வாங்கற யோசனையில இருக்கறவங்களோ படிச்சா ஒரு போர் போடற காசாவது மிச்சமாகும்.

கொறங்காடுன்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க பக்கம் பூமிய வயல், தோட்டம், காடுன்னு பிரிச்சுப் பேசுவோம். வாய்க்கால் பாய்ஞ்சா வயல், கெணறு இருந்தா தோட்டம், மழைய நம்பி வெதைக்கறது காடு. கொறங்காடு இதுல எதுலயும் சேராது. நாலு பக்கமும் கிளுவை முள்ளு வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், அங்கங்க வெள்ளவேலா மரம், ஒரே ஒரு கடவு. அவ்வளவுதான். ஆடு மாடு உள்ள உட்டுட்டு கடவ சாத்தீட்டு வந்தா மேய்க்க ஆளே வேண்டாம், பொழுதோட போய் ஓட்டிட்டு வந்தாப் போதும். மேற்குத்தொடர்ச்சி மலை மறைக்கறதால தென்மேற்குப் பருவத்துல எங்களுக்குக் காத்து மட்டுந்தான் கெடைக்கும், அதும் பாலக்காட்டுக் கணவாயில பூந்து வர்ற ஆடிக்காத்து, ஆளையே சாய்க்கும், அதனாலதான் தாராபுரம் ரோட்டுல இத்தனை காத்தாடி நட்டு வெச்சிருக்கறாங்க. வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதுல பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில. செம்மண், ஒரு முழம் தோண்டினா சுக்காங்கல்லு, அதுக்குக் கீழ பாறை. இந்த மண்ணுலயும் இந்த மழையிலயும் என்ன நிக்குமோ அதைத்தான் பெருசுக உட்டு வெச்சிருக்கறாங்க. காங்கேயம் மாடு இவ்வளவு பேர் எடுத்ததுக்குப் பின்னாடி பழையகோட்டைப் பட்டக்காரர் பட்டி மாதிரி பெரிய பட்டிகளும், இந்தக் கொறங்காட்டுப் புல்லும் இருக்குது.

இதெல்லாம் இப்ப எழுதறேன். அப்ப எனக்கு அது வெறும் தரிசு.

2014 வைகாசியில ஜேசிபி வந்துச்சு. ரெண்டு நாள் வேலை. நடுக்காட்டுல இருந்த பதினோரு வெள்ளவேலா மரத்தப் புடுங்கினோம், மேக்காலப் பக்கம் வண்டி வரோணும்னு வேலியில முக்கால்வாசிய வழிச்சு எறிஞ்சோம். வெறகுக்கு வித்த காசு ஜேசிபி வாடகைக்கே சரியாப் போச்சு. அப்புறம் டிராக்டர் உட்டு அஞ்சு கலப்பையில ரெண்டு ஓட்டு. பக்கத்துக் காட்டுல ஆடு மேச்சுட்டு இருந்த ஒரு பெருசு, எங்கப்பாரு வயசு இருக்கும், வரப்புல வந்து நின்னு கொஞ்ச நேரம் பாத்தாரு. "ஏங்கண்ணு, புல்லுக்கு ஓட்டறியா, புல்லையே ஓட்டறியா"ன்னாரு. எனக்குப் புரியல. "தென்னம்புள்ள வெக்கறனுங்க"ன்னேன். "அப்பச் சரி"ன்னு போயிட்டாரு. அந்த "அப்பச் சரி"க்கு என்ன அர்த்தம்னு தெரிய மூணு வருசம் ஆச்சு.

அவரு கேட்டதுல ஒரு பெரிய வெவசாயமே இருக்குதுங்க. கொறங்காட்டையும் ஏரோட்டுவாங்க, ஓட்டாம இல்ல. சில வருசத்துக்கு ஒருக்கா, புல்லு தூரு கட்டி மண்ணு இறுகிப்போச்சுன்னா, மழைக்கு முன்னாடி மேலாப்புல ஒரு ஓட்டு ஓட்டி சோளமோ கொள்ளோ தூவி உடுவாங்க, அந்த வெள்ளாமை போக புல்லு தானா திரும்பத் தழைஞ்சு வந்துரும். அது புல்லுக்காக ஓட்டறது. மாட்டுக்கலப்பை நாலு வெரக்கடை போகும், தூரு சிலது அறுந்தாலும் சிலது தப்பிக்கும். நான் ஓட்டினது ஒரு அடி ஆழம், அதும் ரெண்டு தடவ, அதும் சித்திர வெயில்ல காஞ்ச மண்ணு. அத்தனை தூரும் வேரோட மல்லாந்து வெயில்ல வெந்துருச்சு.

போர் கதை எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், சுருக்கமா முடிச்சுக்கறேன். தேங்காய் வெச்சு ஒருத்தர், செப்புக்கம்பி வெச்சு ஒருத்தர், மெஷின் வெச்சு ஒருத்தர்னு மூணு பேர் நீரோட்டம் பாத்தாங்க, மூணு பேரும் மூணு எடம் காட்டுனாங்க. மொத போர் 820 அடி, வெறும் பொகை. ரெண்டாவது 1,050 அடி, ஒரு இன்ச் தண்ணி. மோட்டார், பைப், கேபிள் எல்லாம் சேத்து மூணு லட்சத்துக்கு மேல. கரண்டு சர்வீஸ் வாங்கினது தனிக்கதை, அதை இங்க எழுத ஆரம்பிச்சா முடியாது. 2015 ஆடியில மூணு ஏக்கர்ல 25 அடிக்கு 25 அடி போட்டு 210 தென்னம்புள்ள வெச்சோம், சொட்டுநீர் போட்டோம், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சோம்.

அந்த ஐப்பசியிலயே மொத அடி. ஒரே ராத்திரியில ஒரு பெருமழை, காலையில போய்ப் பாத்தா காட்டுல மேக்கால சரிவு பூராம் வெரல் வெரலா அரிச்சு, மேமண்ணு அத்தனையும் கீழ சித்தப்பா தோட்டத்துக்குள்ள போய் படிஞ்சு கெடக்குது. அவரு கெணத்துல செந்தண்ணி. எனக்கு நெனவு தெரிஞ்சு அந்தக் கெணத்துல செந்தண்ணி இறங்கினதே இல்ல. ஏன்னா புல்லு இருந்த வரைக்கும் மழைத்தண்ணி ஓடாது, தூருக்குத் தூரு நின்னு நின்னு இறங்கும், சரிவுக்கு அடியில மேக்கால வேலியில கிளுவை அடியில இன்னொரு தடவ நிக்கும். நான் ரெண்டையும் எடுத்துட்டேன். சித்தப்பா ஒண்ணுஞ் சொல்லல, சித்திதான் "நம்ம கெணத்துக்கு மேல இருந்த மூடிய எடுத்துட்டயே சாமி"ன்னாங்க. பாகம் பிரிக்கறப்ப தோட்டம் அவருக்கு, கொறங்காடு எங்களுக்குன்னு தனித்தனியா எழுதிட்டோம், ஆனா தண்ணிக்கு அது ஒரே பூமி. பத்திரத்துல இதை எழுத எந்தக் கட்டமும் இல்ல.

அடுத்து 2016. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு சராசரியா 440 மில்லிமீட்டர் கெடைக்கோணும், அந்த வருசம் கெடைச்சது 168. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. என் போர் மார்கழியிலயே காத்து வாங்க ஆரம்பிச்சிருச்சு, மாசியில சுத்தமா நின்னுருச்சு. அதுக்கு அப்புறம் டேங்கர். 6,000 லிட்டர் லோடு 800 ரூவா, வாரத்துக்கு நாலு லோடு, மூணு மாசம். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 38,000 ரூவா தண்ணிக்கு மட்டும், அதுவும் புள்ளைக்கு 55 லிட்டர் சொச்சம் கணக்குல வாரத்துக்கு ரெண்டே தடவ. ஆடி வந்தப்ப உசுரோட இருந்தது முப்பதோ என்னமோ. பக்கத்துல காங்கேயம் பூரா கொப்பரைக் களமும் எண்ணெய் மில்லும் இருக்கறதால தென்னைன்னா எங்காளுக்கு ஒரு மயக்கம். அந்தக் கொப்பரையெல்லாம் எங்க காட்டுல வெளஞ்சதில்லைன்னு யோசிக்கறது கெடையாது. ரெண்டு மைல் தள்ளி பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் பாயற கடைமடைக்காரங்களுக்கே நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சுத்தான் தண்ணி, அதுக்கே வருசா வருசம் போராட்டம். நான் 1,050 அடி ஓட்டையில இருந்து ஒரு தென்னந்தோப்பக் கனவு கண்டேன்.

அப்ப ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம ஒரு கணக்கு போட்டேன். இதை 2014-ல போட்டிருக்கோணும். கம்பெனியில ஒரு டீ-சர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி, எத்தனை மீட்டர் நூல்னு பைசா சுத்தமா காஸ்டிங் போடறவன், சொந்தப் பூமிக்கு அதைப் போடல பாருங்க. ஒரு ஏக்கர்ல 600 மில்லிமீட்டர் மழை பேஞ்சா சுமார் 24 லட்சம் லிட்டர். எங்க மாதிரி பாறை பூமியில அதுல ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான் நெலத்தடிக்குப் போகும்னு ஒரு கணக்கு வெக்கறாங்க, அப்ப ஏக்கருக்கு 2.4 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர்ல 70 தென்னை, காய்க்கற மரத்துக்கு சொட்டுநீர்லயே நாளைக்கு 80 லிட்டர்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு 5,600 லிட்டர், மழை இல்லாத 200 நாளுக்கு 11 லட்சத்து 20 ஆயிரம். வகுத்துப் பாத்தா, ஒரு ஏக்கர் தென்னை கிட்டத்தட்ட நாலே முக்கா ஏக்கர் காட்டோட தண்ணியக் குடிக்கும்.

இப்ப எங்கப்பாரு வெச்சிருந்த கணக்கப் பாருங்க. ஒன்றரை ஏக்கர் தோட்டம், ஆறரை ஏக்கர் கொறங்காடு. ஒண்ணுக்கு நாலேகால் சொச்சம். அதுலயும் அவரு தோட்டத்துல தென்னை வெக்கல, ராகி, மொளகா, கொஞ்சம் பொகையிலை, வரப்புல நாலு தென்னை ஊட்டுச் செலவுக்கு. எழுதப் படிக்கத் தெரியாத மனுசன் கணக்குப் போட்டாருன்னு நான் சொல்ல வரல, போட்டிருக்கவும் மாட்டாரு. ஆனா கெணறு வத்தின வருசத்துல தோட்டத்தச் சுருக்கி, தண்ணி நின்ன வருசத்துல கொஞ்சம் நீட்டி, ரெண்டு மூணு தலமுறையா இழுத்து இழுத்து அந்த அளவுல வந்து நின்னிருக்குது. நான் அந்த ஆறரைய சும்மா கெடக்கற பூமின்னு நெனச்சேன்.

2018-ல அந்தப் பெருசத் தேடிப் போனேன். "திரும்பப் புல்லாக்கோணும், என்ன பண்றதுங்க?" சிரிச்சாரு. "உட்டுரு, வரும்"ன்னாரு. "எத்தன வருசமுங்க?" "நான் இருக்கற வரைக்கும் வராது, நீ இருக்கற வரைக்கும் வந்துரும்."

எனக்குப் பொறுமை இல்ல. மறுபடியும் அவசரம், மறுபடியும் தப்பு. அந்தத் தை மாசம் மூலனூர் பக்கம் ஆள் உட்டு கொழுக்கட்டைப்புல் வெதை உருவி மூணு மூட்டை சேத்தேன், சித்திரையில ஒரு மழை பேஞ்சதும் கல்டிவேட்டர் ஓட்டி வெதைச்சு மூடினேன். ஒண்ணு கூட மொளைக்கல. பார்த்தீனியம் மட்டும் இடுப்பு உசரத்துக்கு வந்துச்சு. வெதையே சொத்தைன்னு நெனச்சு, மிச்சம் கெடந்த அரை மூட்டைய காட்டுச் சாளைக் கொட்டாய்க்குப் பின்னாடி கொட்டிட்டேன். புரட்டாசி மழைக்கு அந்த எடத்துல பாத்தீங்கன்னா பச்சைப் பசேல்னு பாய் விரிச்ச மாதிரி நிக்குது!

அப்புறந்தான் விசாரிச்சேன். கொழுக்கட்டைப்புல் வெதைக்கு ஒறக்கம் உண்டுங்க. உருவின உடனே போட்டா மொளைக்காது, ஆறேழு மாசமாவது காத்தாட வெச்சிருந்துதான் போடோணும். ரெண்டாவது, வெதை பஞ்சு மாதிரி, அதை ஆழத்துல புதைச்சா செத்துரும், மண்ணக் கீறி உட்டு மேலயே தூவி முள்ளுக்கட்டைய இழுத்தாப் போதும். ஈர மணலோட பெசஞ்சு தூவினா கட்டி கட்டியா உழாது, காத்துக்கும் பறக்காது. மழைக்கு நெம்ப நாள் முன்னாடியே தூவினா எறும்பு மொத்தத்தையும் இழுத்துட்டுப் போயிரும், இதுவும் நான் பாத்ததுதான், புத்துக்குப் பக்கத்துல வெதை குமிஞ்சு கெடந்துச்சு. வெதைய உட நல்லது தூரு பிரிச்சு நடறது. வேலியோரம் ஏரு படாத எடத்துல பழைய தூரு தப்பிச்சு நின்னுச்சு, அதப் பிரிச்சு ஐப்பசி மழையில ஆள் வெச்சு நட்டதுதான் இன்னிக்கு நிக்கற புல்லுல பாதி. வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல நீலக் கொழுக்கட்டை கோ 1-ன்னு ஒரு ரகம் இருக்குது, அதும் கொஞ்சம் வாங்கிப் போட்டேன், நல்லாத்தான் வருது, ஆனா நம்மூர்த் தூரு மாதிரி மூணு மாச வெயில்ல காஞ்சு கருகி மொத மழைக்கு திரும்ப எந்திரிக்கறதுல ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கற மாதிரி எனக்குத் தோணுது. முயல் மசால்ங்கற தீவனப்பயிர் வெதையக் கொதிச்சு எறக்கின தண்ணியில நாலு நிமிசம் போட்டு எடுத்து, அப்புறம் ராத்திரி பூரா பச்சத்தண்ணியில ஊற வெச்சு வெதைக்கச் சொன்னாங்க, செஞ்சேன், வந்துச்சு. தானா வந்ததுன்னா செப்புநெருஞ்சியும் நரிப்பயறும். இது ரெண்டும் புல்லுக்கு நடுவுல படர்ந்து வந்துச்சுன்னா காடு திரும்புதுன்னு அர்த்தம்னு பெருசு சொன்னாரு, மூணாவது வருசம் வந்துச்சு.

பார்த்தீனியத்த பூ வெக்கறதுக்கு முன்னாடி கைக்கு ஒறை போட்டுப் புடுங்கினோம், ரெண்டு வருசம். புல்லு ஏறினதும் அது தானா குறைஞ்சிருச்சு. சீமைக்கருவேலம் அப்படி இல்ல. அது எப்படி வந்துச்சுன்னு பாத்தா, 2018 கோடையில ஒரு கெடைக்காரருக்கு நாலு நாள் ஆடு உட எடம் குடுத்திருந்தேன், புழுக்கையில காய் வெதை வந்து எறங்கிருச்சு. மழை பேஞ்ச ஈரத்துல ஒரு சாண் உசரத்துலயே வேரோட புடுங்கிரோணும், உட்டுட்டா அப்புறம் வெட்ட வெட்டத் தழையும், வேர்க்கட்டைய நோண்டி எடுக்காம சாகாது. இப்பல்லாம் வெளிய இருந்து ஆடு வாங்கினா ஒரு வாரம் பட்டியிலயே அடைச்சுத் தீனி போட்டுட்டுத்தான் காட்டுக்குள்ள உடறேன்.

வேலிக்கு வர்றேன். கம்பிவேலி போடறதுக்கு மீட்டர் கணக்குல வெல கேட்டுத் தலை சுத்துச்சு. கிளுவைக்கு போத்து (கெளைக்குச்சி) வெட்டி நட்டாப் போதும், ஆனா அதுக்கும் ஒரு பக்குவம் இருக்குது. எல உதிர்ந்து நிக்கற கோடையில, கட்டைவெரலுக்கு மேல தண்டியா, மூணு மூணரை அடி நீளத்துல வெட்டோணும். வெட்டின அன்னிக்கே நடாம ரெண்டு மூணு நாள் நெழல்ல போட்டு, வெட்டுவாய் காஞ்சதுக்கு அப்புறம், ஒரு அடி வாய்க்கால் பறிச்சு நெருக்கமா சாச்சு நட்டு மண்ண மிதிச்சு உடோணும். மழைக்கு முன்னாடி நட்டா பொழச்சுக்கும். மொத ரெண்டு வருசம் ஆடு கடிக்காமப் பாத்துக்கறதுதான் பாடு, வெள்ளாட்டுக்கு கிளுவைத்தழைன்னா உசுரு. நான் நட்டதுல பத்துக்கு ஏழு வந்துச்சு. ஆடு பூறாத அளவுக்கு அடர்த்தியாக நாலு வருசம். ஜேசிபி அதை வழிச்சது அரை நாள்ல.

ஆவணம் பத்தியும் சொல்லோணும், ஏன்னா இதுல நெறையப் பேரு மாட்டறாங்க. பட்டாவுல ஹெக்டேர் ஏர்லதான் இருக்கும், எங்களுது 2.63.0-ன்னு போட்டிருக்குது, அதாவது 2 ஹெக்டேர் 63 ஏர், ஹெக்டேருக்கு 100 ஏர், ஏரை 2.47 ஆல பெருக்கினா சென்ட் வரும், 263 ஏர்னா 650 சென்ட், ஆறரை ஏக்கர் சரி. இதைக் கூடப் பாக்காம புரோக்கர் வாயால சொன்ன ஏக்கர வெச்சு கிரயம் பண்ணினவங்க எங்கூர்லயே இருக்கறாங்க. பட்டா சிட்டாவோட நிக்காம எப்.எம்.பி.ன்னு சொல்ற புல அளவு வரைபடத்த எடுத்துப் பாருங்க, முக்கியமா இட்டேரிக்கு. ரெண்டு கிளுவை வேலிக்கு நடுவுல போற வண்டித்தடத்தத்தான் நாங்க இட்டேரின்னு சொல்லுவோம். மாடு கன்னு போறதுக்கு, வண்டி போறதுக்கு, மழைத்தண்ணி போறதுக்கு எல்லாத்துக்கும் அதான் வழி. சில எடத்துல அது வரைபடத்துல பொதுத்தடமா இருக்கும், சில எடத்துல ரெண்டு பேரு பட்டாவுல பாதிப் பாதி உட்டுக் குடுத்ததா இருக்கும். ரெண்டாவது வகையா இருந்தா பக்கத்துக் காட்டுக்காரர் வித்துட்டாருன்னா புதுசா வந்தவரு காம்பவுண்டு கட்டீருவாரு, நம்ம காட்டுக்கு வழியே இருக்காது. எங்களுது ரெண்டாவது வகை. தடத்துக்குன்னு ஒரு ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ணி வெச்சுக்கிட்டோம், அதுக்கு ஆன செலவு ஒரு ஆட்டு வெலதான்.

அப்புறம் அடங்கல், எந்தப் பூமியில என்ன பயிருன்னு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) எழுதற கணக்கு. ஒரு கடனுக்காக அடங்கல் வாங்கப் போனேன், பயிர் இருக்கற எடத்துல "தரிசு"ன்னு எழுதியிருந்துச்சு. "சார், அது தரிசு இல்ல, புல்லு வளத்து ஆடு மேய்க்கறேன், வேலி இருக்குது, மரம் இருக்குது"ன்னேன். "புல்லெல்லாம் பயிருன்னா நான் ரோட்டோரத்துக்கும் எழுதோணுமே தம்பி"ன்னு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல சிரிச்சாங்க. அவங்க மேல கோவம் இல்லீங்க. நாட்டுல நெலத்த ஒன்பது வகையாப் பிரிச்சுத்தான் கணக்கு எடுக்கறாங்க, காடு, வெள்ளாமைக்கு ஆகாத பூமி, கட்டடம் ரோடு போன பூமி, நிரந்தர மேய்ச்சல், மரப்பயிர், வெள்ளாமைக்கு ஆகற தரிசு, நடப்புத் தரிசு, மத்த தரிசு, நிகர சாகுபடின்னு. மேய்ச்சல்னா மந்தைவெளி, புறம்போக்குன்னுதான் எல்லார் மனசுலயும் வரும், சொந்தப் பட்டாவுல ஒருத்தன் வேலி போட்டுப் புல்லு வளப்பான்கறது அந்தக் கட்டத்துல உக்காராது. ஆனா அதனால வர்ற நட்டம் நெசம். தரிசுன்னு எழுதியிருந்தா கடன் இல்ல, வறட்சி நிவாரணம் இல்ல, சோலார் கம்பெனிக்கு எடம் தேடி வர்ற புரோக்கருக்கு மொதல்ல கண்ணுல படறதும் அந்தத் தரிசுதான். நான் என்ன பண்றேன்னா ஒரு ஏக்கர்ல வருசா வருசம் புரட்டாசியில கொள்ளோ சோளமோ வெதைச்சு அதை அடங்கல்ல ஏத்திக்கறேன். ஆட்டுக்குத் தீனியும் ஆச்சு. சோளத்த மட்டும் எளம்பயிரா வாடி நிக்கறப்ப மேய உட்டுராதீங்க, வெசம், நின்ன நெலையில சாஞ்சுரும். பூ வாங்கினதுக்கு அப்புறம் அறுத்துக் காயப்போட்டுக் குடுக்கறதுதான் பயமில்லாதது.

இப்ப காடு எப்படி இருக்குதுன்னா, உள்ளுக்குள்ள மூணாப் பிரிச்சிருக்கறேன். மழை ஆரம்பிச்சதும் ஒரு அம்பது அறுபது நாள் எந்தப் பகுதியிலயும் ஆட்ட உடறதில்ல, கட்டுத்தறியில வெச்சுத் தீனி போடறோம், புல்லு கதிர் வாங்கி வெதை கொட்டுனாத்தான் கடவு தெறப்பேன். இந்த அறுபது நாள்ல பொறுமை கெட்டா அடுத்த வருசம் புல்லு பாதியாயிரும். கார்த்திகையில இருந்து ஒவ்வொரு பகுதியா மாத்தி மாத்தி மேயும். மாசிக்கு மேல புல்லு நின்ன மேனிக்கே காஞ்சு வைக்கோல் ஆயிரும், அதையும் மேயும். கோடையில வெள்ளவேலாக் காய் கொட்டும் பாருங்க, தவுடு புண்ணாக்கு வாங்க வேண்டியதில்ல, காத்தடிச்சா ஆடு மரத்தடிக்கு ஓடும். பதினோரு மரம் புடுங்கினேன்னு சொன்னனே, ஓரத்துல மிச்சம் இருந்தது அஞ்சு. அந்தக் காயத் தின்ன ஆட்டுப் புழுக்கையில இருந்து மொளச்ச கன்னுகள்ல எடம் பாத்து இருபது கன்னுக்கு முள்ளு கட்டி உட்டிருக்கறேன், இப்ப ஆள் உசரம்.

2021-ல 22 மேச்சேரிச் செம்மறிப் பெட்டையும் ஒரு கெடாவும் வாங்கினேன், ஒண்ணு 7,500 ரூவா வாக்குல. மொத வருசமே மழை தொடங்கி எளம்புல் மேஞ்சதுல மூணு குட்டி துள்ளுமாரி நோய் வந்து ஒரே வாரத்துல போச்சு. மழைக்காலத்துக்கு முன்னாடி தடுப்பூசி போடோணும்னு கால்நடை மருந்தகத்துல முன்னாடியே சொல்லியிருந்தாங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு இருந்தது நான்தான். இப்ப ஆவணி பொறந்ததும் மொத வேலை அதான். பழையகோட்டை சந்தையில ஒரு மயிலை (சாம்பல் வெள்ளை) மாடும் புடிச்சேன், போன வருசம் கன்னு போட்டுச்சு, செவலையா இருக்குதேன்னு எம்பொண்ணு மொகம் சுருக்கினா, காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவப்பாத்தான் இருக்கும், ஆறு மாசம் போனா வெளுக்கும்னு சொன்னேன், நம்பல, தெனமும் போட்டோ எடுத்து வெச்சுப் பாத்துட்டு இருந்தா.

வருமானம் கேப்பீங்க. வருசத்துக்கு இருபது இருபத்தஞ்சு குட்டி விக்கறேன், செலவு போக எண்பதாயிரத்துல இருந்து ஒரு லட்சம் நிக்குது. ஆறரை ஏக்கருக்கு இது ஒண்ணுமே இல்ல. இதுல குடும்பம் நடத்த முடியாது, நடத்தலாம்னு யூடியூப்ல சொல்றவங்கள நம்பாதீங்க. நான் இன்னும் வாரத்துல நாலு நாள் திருப்பூர் போறேன், ஊட்டுல ரெண்டு தையல் மிஷின் ஓடுது. ஆனா செலவுன்னு பாத்தா தடுப்பூசி, உப்புக்கட்டி, வேலிக்கு ரெண்டு ஆள், அவ்வளவுதான். போருக்கும் தென்னைக்கும் வாங்கின கடன் 2022 வரைக்கும் கட்டினேன், அந்த ஏழு வருசமும் அந்தக் காடு எனக்கு வட்டி போட்டுட்டே இருந்துச்சு. அந்த 210-ல ஆறு தென்னை இன்னும் இருக்குது, தொட்டித்தண்ணி வழியற எடத்துல. காய்க்குது. வெள்ளை ஈ அடிச்சு எல கறுத்துக் கெடக்குது, ஆனாலும் காய்க்குது.

சித்தப்பா கெணத்துல போன பங்குனி வரைக்கும் தண்ணி நின்னுச்சு. அது என் புல்லாலயா, மழை நல்லாப் பேஞ்சதாலயான்னு ரெண்டு பேருக்கும் தர்க்கம். ஆனா என் ஆட்டுத்தொட்டிக்கு அவரு கெணத்துல இருந்துதான் பைப் போட்டுக் குடுத்திருக்கறாரு, காசு வாங்கறதில்ல, வருசத்துக்கு ஒரு கெடா மட்டும் நோம்பிக்குப் போகுது.

போன மாசம் எங்க தெக்கால கொறங்காடு, நாலு ஏக்கர், சைட்டு போட வித்துட்டாங்க. வேலி எடுக்க ஜேசிபி வந்து நின்னுச்சு. நான் போய் அந்த டிரைவர்கிட்ட ஒரு நாள் டைம் கேட்டேன், டீ வாங்கிக் குடுத்தேன், அவரும் சரின்னுட்டாப்டி. பெருசு இப்ப நடக்க முடியாம இருக்கறாரு, அவரு பேரன் வந்தான், ரெண்டு பேரும் சேந்து பொழுது உழுகற வரைக்கும் போத்து வெட்டி ரெண்டு டாட்டா ஏஸ் ஏத்தினோம். அத்தனை வயசான கிளுவை, அடித்தண்டு என் தொடைத் தண்டி இருந்துச்சு, அருவா எறங்கல. மூணு நாள் சாளை நெழல்ல போட்டு வெச்சுட்டு முந்தாநேத்து மேக்கால நான் வழிச்ச அதே எடத்துல மிச்ச இடைவெளிய அடைச்சு நட்டிருக்கறோம். இன்னும் துளிர் தெரியல.